ஈரம் நிற்கும் நேரம்

"ஏண்ணே, ஏற்கெனவே தெறிச்சு ஓடுற மாட்டுக்கு எவனாச்சும் தார்க்குச்சி போடுவானா?"

மதுரையில் ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றுகொண்டு என் தங்கை கேட்டாள். அவள் கையில் மாத்திரை அட்டை. ஒன்பது வயது மகன் கடை வாசலில் இருந்த எடை மெஷினில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தான். அருப்புக்கோட்டையிலிருந்து விடிகாலை பஸ்ஸில் கிளம்பி வந்திருந்தார்கள். மருத்துவர் பொறுமையாகத்தான் விளக்கியிருந்தார். ஆனால் அவர் சொன்னதில் ஒரே ஒரு சொல்தான் தங்கையின் மனதில் தைத்திருந்தது: ஊக்க மருந்து. பையனைத் தூங்கவைத்து மந்தமாக்கும் மாத்திரை தரப்போகிறார்கள் என்று பயந்துகொண்டே வந்தவள் அவள். அதற்கு நேரெதிரான மருந்து என்று தெரிந்ததும் பயம் இரண்டு மடங்காகிவிட்டது.

நியாயமான கேள்வி. இந்த வகை மருந்தைக் குழந்தைகளுக்கு முதலில் கொடுத்துப் பார்த்த அமெரிக்க மருத்துவர் சார்ல்ஸ் பிராட்லியும் 1937இல் இதே இடத்தில்தான் திகைத்து நின்றார். அன்று கடை வாசலில் நான் சொன்ன பதில் அரைகுறை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அதை இங்கே முழுதாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் பையன். தங்கை வீட்டில் தறி ஓடுகிறது. தார் சுற்றித் தரச் சொன்னால் கால் தார் நிறைவதற்குள் எழுந்து போய்விடுவான். பள்ளிக்கூடத்தில் 47ஐ 6ஆல் பெருக்கச் சொல்கிறார்கள் என்று வையுங்கள். ஆறேழு நாற்பத்திரண்டு, அது அவனுக்குத் தெரியும். இரண்டைக் கீழே எழுதிவிட்டு நான்கை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே கருவேல மரத்தில் ஓணான் தலையாட்டும். பார்த்துவிட்டுத் திரும்பினால் அந்த நான்கைக் காணோம். ஆறுநாலு இருபத்திநாலு, விடை 242. டீச்சர் சிவப்பு மையில் சுழிப்பார். அவனுக்கு வாய்ப்பாடு தெரியவில்லை என்று நினைப்பார். வாய்ப்பாடு தெரியும், நான்கு நிற்கவில்லை.

இதே பையன் பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் குரல் கேட்காது. அதனால் இந்தக் குறைபாட்டுக்குத் தமிழில் 'கவனக்குறைவு' என்று பெயர் வைத்ததில் எனக்கு உடன்பாடில்லை. கவனம் குறைவாக இல்லை. சுவையில்லாத வேலையின் மேல், தானாக விரும்பி, அதை நிறுத்திவைக்க முடியவில்லை. ஏ.டி.எச்.டி. என்ற ஆங்கிலச் சுருக்கம்தான் இப்போது மருத்துவமனைகளில் புழங்குகிறது. உலக அளவில் நூறு குழந்தைகளில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இது இருக்கிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட கணக்கு. கோயம்புத்தூரில் நான்கு பள்ளிகளில் 6 முதல் 11 வயது வரையுள்ள 770 பிள்ளைகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, நூற்றுக்குப் பதினொரு பேருக்கு என்று சொன்னது. எந்தக் கணக்கை எடுத்தாலும் நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இரண்டு பேராவது இருப்பார்கள். நம் ஊரில் அவர்களுக்கு வேறு பெயர்கள்: வாலு, அடங்காதது, மந்தம், திமிரு.

இனி தலைக்குள். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள். அவற்றில் டோபமின் என்ற வேதிப்பொருளைத் தயாரித்து அனுப்புகிறவை சில லட்சம்தான். பெரும்பாலும் நடுமூளையின் சிறு பகுதி ஒன்றில் அவை குவிந்திருக்கின்றன. அங்கிருந்து நீளநீளமான இழைகளை விட்டு மூளையின் பெரும் பரப்பை எட்டுகின்றன. பெரிய கண்மாயின் ஆயக்கட்டு முழுவதற்கும் நீர்பாய்ச்சி ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். எந்த வயலுக்கு எப்போது எவ்வளவு தண்ணீர் என்பது அவர்கள் மண்வெட்டியில் இருக்கிறது. இந்தச் சில லட்சம் அணுக்களின் வேலையும் அப்படித்தான்: செய்தியைச் சுமப்பதைவிட, எந்தச் செய்தி முக்கியம், எதில் இறங்கினால் பலன் உண்டு என்று சொல்வது.

ஒரு நரம்பணுவின் நுனிக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி உண்டு. சுமார் 20 நானோமீட்டர். நம் தலைமுடி ஒன்றின் பருமனில் நாலாயிரத்தில் ஒரு பங்கு. டோபமின் இந்த இடைவெளியில்தான் கொட்டப்படுகிறது. எதிர்க்கரையில் இருக்கும் ஏற்பிகளில் அது போய் உட்கார்ந்தால் செய்தி போய்ச் சேர்ந்தது. ஆனால் கொட்டிய டோபமின் அங்கேயே கிடந்தால் அடுத்த செய்திக்கு இடமிருக்காது. அதனால் கொட்டிய அணுவே அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. அணுவின் சுவரில் பதிந்திருக்கும் ஒரு புரதம் மோட்டார் பம்பு போல இடைவெளியிலிருந்து டோபமினை உள்ளே இழுத்துவிடும். இழுத்ததில் பெரும்பகுதியை மறுபடி சிறு பைகளில் நிரப்பி அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளும். சிக்கனமான ஏற்பாடு. தண்ணீரின் அருமை தெரிந்த ஊர்க்காரர்களான நமக்கு இது பிடிக்கும்.

தங்கையும் நானும் பிறந்து வளர்ந்தது திருச்சுழிப் பக்கம் ஒரு கிராமத்தில். அப்பாவுக்குக் கொஞ்சம் செவல் காடு, கொஞ்சம் கரிசல். இரண்டுக்கும் நடுவே ஒரு வண்டிப்பாதைதான். ஐப்பசியில் ஒரே மழை இரண்டிலும் ஒரே அளவாகப் பெய்யும். நாலைந்து நாள் வெயில் அடித்தால் செவலில் விரலை விட்டுப் பார்க்கும்போது காய்ந்திருக்கும். கரிசலில் பயிர் அதே ஈரத்தில் நின்றுகொண்டிருக்கும். பெய்த மழையில் வித்தியாசம் இல்லை. ஈரம் எவ்வளவு நாள் நிற்கிறது என்பதில்தான்.

மீத்தைல்பெனிடேட் என்ற மருந்து செய்வது இதைத்தான். தங்கையின் கையில் இருந்த அட்டையில் எழுதியிருந்த பெயர் அது. உறிஞ்சும் பம்பின் வாயில் போய் அடைத்து நிற்கும். எல்லாப் பம்பையும் அடைப்பதில்லை. பெரியவர்களின் மூளையைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வில், 20 மில்லிகிராம் விழுங்கியவர்களுக்கு ஏறக்குறைய பாதிப் பம்புகள் அடைபட்டிருந்தன. அதனால் கொட்டிய டோபமின் இடைவெளியில் இன்னும் கொஞ்ச நேரம் நிற்கிறது. மூளைக்குள் புதிதாக எதையும் அது ஊற்றவில்லை. அவனுடைய மழையே அவனுடைய நிலத்தில் கொஞ்சம் கூடுதலாக நிற்கிறது. ஊக்க மருந்துகளில் இன்னொரு குடும்பமான ஆம்ஃபெட்டமின் ஒரு படி மேலே போகும். பம்பு வழியாகவே அணுவுக்குள் நுழைந்து, பைகளில் இருப்பதைக் கலைத்து, பம்பைத் தலைகீழாக ஓடவைத்து டோபமினை வெளியே தள்ளும். நம் ஊரில் குழந்தைகளுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் எழுதுவது மீத்தைல்பெனிடேட்தான்.

இதைக் கேட்டுவிட்டு, ஏ.டி.எச்.டி. என்றால் டோபமின் குறைவு, அவ்வளவுதான் என்று முடித்துவிடக் கூடாது. சர்க்கரை குறைவு, இரத்தம் குறைவு என்பது போலச் சுலபமாக அளந்து சொல்லும் விஷயமல்ல இது. பம்புகள் அதிகமாக இருந்தன என்று சொன்ன ஆய்வும் உண்டு. குறைவாக இருந்தன என்று சொன்னதும் உண்டு. இரத்தப் பரிசோதனை, ஸ்கேன் என்று எதை எடுத்தும் இதைக் கண்டுபிடிக்க முடியாது. பையனைப் பார்த்து, வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் கேட்டு, பல மாதங்களாக இரண்டு இடத்திலும் ஒரே பாடுதானா என்று விசாரித்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார்.

சரி, தார்க்குச்சி. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளைப் புறணிதான் அந்த நான்கை மனதில் பிடித்து வைக்க வேண்டிய இடம். ஓணான் தலையாட்டும்போது "அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்ல வேண்டியதும் அதுதான். வண்டியில் உட்கார்ந்து கயிற்றைப் பிடித்திருக்கும் வண்டிக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடு தெறிப்பதற்கு மாட்டின் வேகம் மட்டும் காரணமில்லை. கயிறு தளர்ந்து கிடக்கிறது, வண்டிக்காரன் கண் அசந்துவிட்டான். ஊக்க மருந்து எழுப்புவது அவனை. அவன் எழுந்து கயிற்றை இழுத்துப் பிடித்ததும் மாடு பாதையில் நடக்கிறது. பார்க்கிறவர்களுக்கு மாட்டை யாரோ அடக்கியது போலத் தெரிகிறது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முன்மூளைப் புறணியில் டோபமின் பம்புகள் மிகக் குறைவு. அங்கே நார்அட்ரினலின் என்ற இன்னொரு வேதிப்பொருளை உறிஞ்சும் பம்புதான் டோபமினையும் சேர்த்து உறிஞ்சுகிறது. மீத்தைல்பெனிடேட் இரண்டு பம்பையும் அடைப்பதால் அங்கே இரண்டும் கூடுகின்றன. யேல் பல்கலைக்கழகத்தில் ஏமி ஆர்ன்ஸ்டென் குரங்குகளிடமும் எலிகளிடமும் பல ஆண்டுகள் ஆராய்ந்து, இந்த இரண்டுக்கும் வேலைப் பங்கீடு உண்டு என்று காட்டினார். நார்அட்ரினலின் தேவையான செய்தியின் குரலை உயர்த்துகிறது. டோபமின் சுற்றியிருக்கும் இரைச்சலைத் தணிக்கிறது. நான்கு உரக்கக் கேட்கிறது, ஓணான் மங்குகிறது.

என்னை வெகுநேரம் யோசிக்கவைத்த ஆய்வு வேறொன்று. 2004இல் அமெரிக்காவில் நோரா வோல்கோவும் கூட்டாளிகளும் குறைபாடு ஏதுமற்ற பதினாறு பெரியவர்களுக்கு இந்த மருந்தைக் கொடுத்தார்கள். ஒரு நாள் கணக்குப் போடச் சொன்னார்கள். இன்னொரு நாள் சும்மா படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார்கள். மருந்தோடு கணக்குப் போட்டபோது டோபமின் கூடியது. மருந்தோடு படம் பார்த்தபோது அப்படிக் கூடவில்லை. மருந்து உள்ளே இருந்தபோது அதே கணக்கு அவர்களுக்குச் சுவையாகவும் உற்சாகம் தருவதாகவும் பட்டது. செவலைக் கரிசலாக்கலாம், ஆனால் மழை பெய்தால்தானே ஈரம் நிற்கும்? மருந்து அறிவைத் தருவதில்லை, பாடத்தைப் புகட்டுவதும் இல்லை. பையன் ஒரு வேலையைத் தொடங்கும்போது அவன் மூளை தானாகச் சுரக்கிற சிறு தூறலை அது பிடித்து வைக்கிறது. வகுப்பில் தொடங்குவதற்கே ஒன்றும் இல்லை என்றால் பிடித்து வைக்கவும் ஒன்றும் இல்லை. மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், இனி டீச்சரும் வீடும் பழையபடியே இருக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்த ஆய்வைப் படித்துக் காட்ட வேண்டும்.

இந்த மருந்தின் கதைக்குள் நம் நாட்டு வேர் ஒன்று ஓடுகிறது. சொல் அலங்காரம் இல்லை, நிஜமான வேர்தான். சர்ப்பகந்தா நம் கரிசல் காட்டில் வளராத, ஈரக் காட்டுச் செடி. அதன் வேரைப் பித்துப் பிடித்தவர்களை அமைதிப்படுத்த வடநாட்டு வைத்தியர்கள் காலங்காலமாகக் கொடுத்து வந்தார்கள். 1931இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அது மனநோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் உதவுவதை எழுதினார்கள். 1949இல் பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் இரத்தக் கொதிப்பில் அதன் பலனைப் பிரிட்டிஷ் இதழ் ஒன்றில் வெளியிட்டதும் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் இருந்த சிபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரிசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தது.

அதே பாசலில், அதே சிபாவில், எட்டு ஆண்டுகள் முன்னால், 1944இல் லியாண்ட்ரோ பனிட்சோன் என்ற வேதியியலாளர் மீத்தைல்பெனிடேட்டை உருவாக்கியிருந்தார். அவர் மனைவி மார்கரீட்டின் செல்லப் பெயர் ரீட்டா; அதிலிருந்து வந்ததுதான் ரிட்டலின் என்ற வணிகப் பெயர். 1954இல் விற்பனைக்கு வந்தபோது அது எப்படி வேலை செய்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருக்க வழியில்லை. டோபமின் மூளையில் செய்தி சுமக்கும் பொருள் என்பதே அன்று கண்டுபிடிக்கப்படவில்லை.

அதைக் கண்டுபிடிக்க ரிசர்பின் உதவியது. 1957இல் சுவீடனின் அர்விட் கார்ல்சன் முயல்களுக்கு ரிசர்பின் போட்டார். அது நரம்பணுப் பைகளைக் காலியாக்கிவிடும். முயல்கள் காது தொங்க, அசையாமல் கிடந்தன. பிறகு எல்-டோபா என்ற பொருளை ஊசியில் ஏற்றினார். உடம்பு அதை டோபமினாக மாற்றிக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் காதை நிமிர்த்திக்கொண்டு முயல்கள் ஓடின. அசைவதற்கும் விழித்திருப்பதற்கும் டோபமின் வேண்டும் என்று உலகுக்குத் தெரிந்தது. கார்ல்சனுக்கு 2000இல் நோபல் பரிசு வந்தது. டோபமினைக் காலியாக்கும் ஒரு பொருளும், அதை நிறுத்திவைக்கும் இன்னொரு பொருளும் ஒரே கம்பெனியில் பிறந்திருக்கின்றன. முதலாவது, இந்தியக் காட்டின் வேரிலிருந்து போனது. இரண்டாவது, என் மருமகனின் நாக்குக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பிராட்லியின் கதை இன்னும் பழையது, எதிர்பாராதது. ரோட் தீவு மாநிலத்தில் மனநலம் குன்றிய பிள்ளைகளுக்கான இல்லத்தில் இருந்தார். மூளையை எக்ஸ்ரே எடுப்பதற்காகப் பிள்ளைகளின் முதுகுத்தண்டு நீரை எடுப்பார்கள். அதன்பின் தலைவலி தாங்க முடியாது. அதற்கு மருந்தாக இருக்கட்டும் என்று ஆம்ஃபெட்டமின் வகையான பென்சட்ரினைக் கொடுத்தார். தலைவலிக்கு அவ்வளவாகப் பலனில்லை. ஆனால் முப்பது பிள்ளைகளில் பதினான்கு பேரின் படிப்பில் கண்கூடான மாற்றம். பிள்ளைகளே அதற்கு 'கணக்கு மாத்திரை' என்று பெயர் வைத்தார்கள். அவர்களிடமும் ஏதோ ஒரு 'நான்கு' நின்றிருக்க வேண்டும்.

இப்போது மாத்திரையோடு ஒரு நாள். காலை எட்டு மணி. நாலு இட்லி வயிற்றுக்குள் போனபிறகுதான் தங்கை மாத்திரையைத் தருகிறாள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். மாத்திரை குடலில் கரைந்து இரத்தத்தில் ஏறி, முதலில் கல்லீரலுக்குப் போகிறது. அங்கே ஒரு நொதி காத்திருந்து அதன் ஒரு பக்கத்தை வெட்டி, ரிட்டலினிக் அமிலம் என்ற வேலைக்கு ஆகாத பொருளாக மாற்றிவிடுகிறது. விழுங்கியதில் சராசரியாக மூன்றில் ஒரு பங்குதான் தப்பி மேலே போகிறது. எவ்வளவு தப்பும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே வயது, ஒரே எடை உள்ள இரண்டு பிள்ளைகளுக்கு வேறு வேறு அளவு தேவைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு எழுதிய அளவை நம் பையனுக்குக் கேட்கக் கூடாது.

தப்பியது சிறிய மூலக்கூறு, கொழுப்பில் கரையும். அதனால் மூளையைக் காக்கும் இரத்த வேலியைத் தாண்டிவிடும். ஒன்பது, ஒன்பதரைக்கு, பள்ளிக்கூட மணி அடித்துக் கணக்குப் பாடம் ஆரம்பிக்கும்போது, மூளையில் உச்சத்தை நெருங்கியிருக்கும். அதன்பின் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்தத்தில் பாதியாகக் குறையும். பகல் பன்னிரண்டுக்கு ஈரம் காய ஆரம்பிக்கும். மதியம் இரண்டாவது மாத்திரை. அதை டீச்சர் மேசை டிராயரில் வைத்திருந்து, சாப்பாட்டு மணிக்குக் கூப்பிட்டுக் கொடுக்கிறார். அந்த டீச்சருக்குத் தங்கை மல்லிகைச் சரம் கொண்டுபோய்க் கொடுத்தாள். மெதுவாகக் கரையும் மாத்திரைகளும் உண்டு. காலையில் ஒன்று போட்டால் பள்ளி முடியும்வரை தாக்குப்பிடிக்கும். அவற்றை உடைத்தோ பொடித்தோ கொடுக்கவே கூடாது. நாள் முழுக்கக் கசிய வேண்டியது ஒரே மூச்சில் இறங்கிவிடும்.

ஒரே மூச்சில் இறங்குவது ஏன் ஆபத்து என்பதில்தான் இந்த மருந்தைச் சுற்றியிருக்கும் சட்டத்தின் காரணமும் இருக்கிறது. இதே மூலக்கூறை நரம்பில் ஊசியாக ஏற்றினால் சில நிமிடங்களில் மூளையில் உச்சத்துக்குப் போகும். அந்த வேகம்தான் போதை. விழுங்கினால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மெல்ல ஏறும் ஈரத்தில் அந்த வேகம் கிடையாது. தவறாகப் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால் இந்தியாவில் இது அட்டவணை எக்ஸ் மருந்து. மருத்துவர் சீட்டை இரண்டு பிரதிகளாக எழுத வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். மருந்தைப் பூட்டி வைக்க வேண்டும். தனி உரிமம் வேண்டும். அட்டையின் மூலையில் தங்கை பார்த்த சிவப்பு எழுத்து அதன் அடையாளம். விதிக்கு நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தச் சுமையைச் சிறிய ஊர்க் கடைகள் ஏற்பதில்லை. தங்கை கேட்ட கடைகளில் இல்லை. ஆகவே மாதம் ஒருமுறை மதுரை. அன்று தறி ஓடாது, கூலி கிடையாது, பஸ் செலவு வேறு. எங்கள் மாவட்டத் தலைநகரில் மருத்துவக் கல்லூரி 2022இல் வந்துவிட்டது. பள்ளிச் சிறார் நலத் திட்டத்தின் பரிசோதனைப் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யும் இருக்கிறது. கண்டுபிடித்த பிறகு மாத்திரை கைக்குக் கிடைக்கும் தூரத்தையும் அரசு குறைக்க வேண்டும். மூன்று மணி நேரத்தில் பாதியாகிவிடும் மருந்து இது. ஒரு நாள் இல்லையென்றால் அந்த ஒரு நாளும் போனதுதான்.

அளவு கூடினால் என்ன ஆகும் என்று மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தண்ணீர் காணாவிட்டால் செடி வாடும். பாத்தியில் தண்ணீர் கட்டி நின்றால் இலை மஞ்சளித்து வேர் அழுகும். முன்மூளையும் அப்படித்தான். டோபமினும் நார்அட்ரினலினும் ஓர் அளவு வரை கூடக்கூட வேலை மேம்படும். அந்த மேட்டைத் தாண்டினால் சரிவு. பிள்ளை பொம்மை போல உட்கார்ந்திருக்கும், சிரிக்காது, ஒரே வேலையில் மாட்டிக்கொண்டு விடுபடாது. "நல்லா அடங்கிட்டான்" என்று சந்தோஷப்படக் கூடாது. அது அளவு அதிகம் என்பதற்கான அறிகுறி. மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். குறைந்த அளவில் தொடங்கி வாரம் வாரமாகக் கூட்டிப் பார்ப்பது அந்த மேட்டைத் தேடத்தான்.

இன்னொரு தவறான வழக்கத்தையும் சொல்ல வேண்டும். கொடுத்துப் பார்ப்போம், கேட்டால் ஏ.டி.எச்.டி., கேட்காவிட்டால் இல்லை என்கிறார்கள் சிலர். 1978இல் ஜூடித் ராபபோர்ட் எந்தக் குறைபாடும் இல்லாத பதினான்கு சிறுவர்களுக்கு ஆம்ஃபெட்டமின் ஒரு வேளை கொடுத்துப் பார்த்தார். அவர்களும் ஆட்டம் குறைந்து, கவனம் கூடி உட்கார்ந்தார்கள். மருந்து கேட்பது நோய்க்குச் சான்றாகாது. அதற்காக, தேர்வு நேரத்தில் நல்ல பிள்ளைக்கு இதைக் கொடுத்தால் மதிப்பெண் கூடும் என்று நினைப்பதும் தவறு. இரவில் தூக்கம் போகும், பசி போகும், இதயத் துடிப்பு கூடும்.

பசிக்கு வருகிறேன். டோபமினும் நார்அட்ரினலினும் மூளையின் பசி மையத்தையும் தொடுகின்றன. இதயத்தையும் தொடுகின்றன. நிமிடத்துக்குச் சில துடிப்பு, இரத்த அழுத்தத்தில் சில புள்ளி கூடும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது பொருட்டில்லை. ஆனால் வீட்டில் சிறுவயதில் திடீர் மரணம், இதயக் கோளாறு ஏதும் இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் எடை, உயரம், அழுத்தம் மூன்றையும் குறித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். ஆண்டுக்கணக்கில் சாப்பிடும் சில பிள்ளைகளுக்கு உயரம் ஓரிரு சென்டிமீட்டர் குறைவாக நிற்பது உண்டு.

பணக்கார நாட்டுப் புத்தகங்களில் பசியின்மை பக்க விளைவுப் பட்டியலில் ஒரு வரி. எங்கள் பக்கம் அது ஒரு முட்டை. சத்துணவில் தருகிற முட்டையும் சோறும் பல வீட்டுப் பிள்ளைகளுக்கு அன்றைய நாளின் நல்ல சாப்பாடு. மருந்து வேலை செய்யும் நேரமும் அந்தச் சாப்பாட்டு நேரமும் ஒன்றாக வந்து நிற்கின்றன. பையன் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு மூடி வைத்துவிடுகிறான். அதனால்தான் மாத்திரைக்கு முன் நாலு இட்லி. முதல் மாதம் முக்கால் கிலோ எடை குறைந்ததைப் பார்த்து மருத்துவர் சொன்ன யோசனை அது: காலையில் மருந்துக்கு முன்னால் வயிறு நிறைய, இரவில் மருந்து இறங்கிய பின்னால் இன்னொரு முறை. இப்போது எடை நின்றிருக்கிறது.

போன மாதம் போயிருந்தபோது நோட்டைக் கொண்டுவந்து காட்டினான். 38 பெருக்கல் 7. மேலே மூலையில் சின்னதாக 5 என்று எழுதி வட்டம் போட்டிருந்தான். டீச்சர் சொல்லிக் கொடுத்த வழி: மனதில் வைக்காதே, எழுதி வை. விடை 266. "மாமா, காலையில இது ஓட மாட்டேங்குது. சாயங்காலம் போட்டா ஓடிரும். அதான் வட்டம் போட்டுக் கட்டி வச்சிருக்கேன்" என்றான்.

இரவு எட்டு மணி. மதிய மாத்திரையில் எட்டில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கலாம். மீதி அமிலமாகி வெளியே போய்விட்டது. தறி நின்றுவிட்டது. பையன் தெருமுனை வரை நாய்க்குட்டியைத் துரத்திக்கொண்டு ஓடி, கத்திக்கொண்டே திரும்பி வந்தான். "பசிக்குதும்மா." தங்கை அவன் பையிலிருந்த டிபன் பாக்ஸைத் திறந்தாள். மதியம் கொடுத்த முட்டை அப்படியே இருந்தது. முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். கூடையிலிருந்து வேறொரு முட்டையை எடுத்து அடுப்பில் வேகப் போட்டாள்.